சிஸ்கோ 4331 மாட்யூலர் ரவுட்டர்: பெட்டியை அல்ல, ஸ்லாட்டையும் லைசென்ஸையும் பார்த்து வாங்குங்கள்

சிஸ்கோ ஐ.எஸ்.ஆர் 4331 கிளை அலுவலகங்களுக்கான ரவுட்டர், தேவைக்கேற்ப கார்டுகளை (மாட்யூல்) ஸ்லாட்டில் செருகிக்கொள்ளும் வகை. அதைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வன்பொருள் உறுதியானது, மென்பொருளை நம்பலாம். ஆனால் பெட்டியை மட்டும் வாங்கி வந்து மாட்டினால் எதிர்பார்த்த வேகமும் வராது, சில சமயம் எதிர்பார்த்த இணைப்பும் வராது. ஸ்லாட்டில் எதைச் செருகுகிறீர்கள், உள்ளே என்ன லைசென்ஸ் (வேகத்தையும் வசதிகளையும் திறக்கும் உரிமம்) இருக்கிறது என்பவைதான் இந்த ரவுட்டரின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. புதுப் பெட்டி விற்பனை 2023 நவம்பரோடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு கேட்டலிஸ்ட் 8200, 8300 வரிசைகள் வந்துவிட்டன. ஆனாலும் கிளை அலுவலகங்களிலும் நெட்வொர்க்கிங் படிக்கும் லேப்களிலும் 4331 இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது கைமாறுபவை பெரும்பாலும் ஏற்கெனவே ஓடியவை. அதை மனதில் வைத்தே இந்த மதிப்பீடு.

பெட்டியில் என்ன இருக்கிறது

ரேக்கில் ஒரே ஒரு யூனிட் உயரம், அதாவது 1.75 அங்குலம். போர்டிலேயே மூன்று ஜிகாபிட் போர்ட்கள் உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரிவது நான்கு வாய்கள், முதல் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடும். 0/0/0 என்ற போர்ட்டுக்கு ஆர்.ஜே.45 (சாதாரண காப்பர் நெட்வொர்க் கேபிள்) வாய் ஒன்றும் எஸ்.எஃப்.பி (ஃபைபருக்கோ காப்பருக்கோ ஏற்ற சிறு இணைப்புத் துண்டைச் செருகும்) வாய் ஒன்றும் இருக்கின்றன. இரண்டிலும் கேபிள் செருகினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். 0/0/1-க்கு ஆர்.ஜே.45 மட்டும், 0/0/2-க்கு எஸ்.எஃப்.பி மட்டும். ஆக, மூன்று காப்பர் கேபிள்களை நேரடியாகச் செருக முடியாது. மூன்றாவதற்கு காப்பர் எஸ்.எஃப்.பி ஒன்றோ, ஈதர்நெட் மாட்யூல் ஒன்றோ வேண்டும்.

மாட்யூல்களுக்கு இரண்டு என்.ஐ.எம் (நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் மாட்யூல்) ஸ்லாட்கள், பெரிய சர்வீஸ் மாட்யூலுக்கு ஒரு எஸ்.எம்-எக்ஸ் ஸ்லாட், மூடியைத் திறந்தால் மதர்போர்டில் குரல் செயலிக்கு ஒரு ஐ.எஸ்.சி ஸ்லாட். போர்ட் எண்ணைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதல் எண் ஸ்லாட், இரண்டாவது துணை ஸ்லாட், மூன்றாவது போர்ட். போர்டில் உள்ளவை 0/0. என்.ஐ.எம் ஸ்லாட்கள் 0/1, 0/2. ஐ.எஸ்.சி 0/4. எஸ்.எம்-எக்ஸ் 1/0. முதல் என்.ஐ.எம்-இல் ஒற்றை ஈதர்நெட் மாட்யூல் செருகினால் அதன் போர்ட் 0/1/0 என்று வரும்.

இவை தவிர மேனேஜ்மென்ட் போர்ட் ஒன்று இருக்கிறது. பெயர் வெறும் ஜிகாபிட்ஈதர்நெட் 0. பார்க்க மற்ற போர்ட்களைப் போலவே இருப்பதால் இணையக் கேபிளை இதில் செருகிவிட்டு மணிக்கணக்காகத் திண்டாடுபவர்கள் ஏராளம். இந்தப் போர்ட் 'மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸ்' (Mgmt-intf) என்ற தனி வி.ஆர்.எஃப்-இல், அதாவது பெட்டிக்குள் பிரித்து வைத்த தனி ரவுட்டிங் பகுதியில், அடைக்கப்பட்டிருக்கிறது. அதற்கென்று தனி ரவுட்டிங் டேபிள். இதற்கு ஐபி கொடுக்கலாம், எஸ்.எஸ்.ஹெச் (பாதுகாப்பான தொலைநிலை லாகின்) வழியாக உள்ளே நுழையலாம். ஆனால் உங்கள் நெட்வொர்க்கின் டிராஃபிக் இதன் வழியாக வெளியே போகாது. இந்தப் பக்கத்திலிருந்து பிங் அடிக்கவும் கட்டளையில் வி.ஆர்.எஃப் பெயரைச் சேர்க்க வேண்டும். டி.எஃப்.டி.பி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) மூலம் மென்பொருள் கோப்பை இறக்குவதாக இருந்தால் 'ஐபி டி.எஃப்.டி.பி சோர்ஸ்-இன்டர்ஃபேஸ்' என்று இந்தப் போர்ட்டைக் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் டைம்-அவுட்தான் மிஞ்சும்.

மாட்யூல் தேர்வு: பணம் வீணாகும் இடம்

முந்தைய 1900, 2900, 3900 வரிசை ரவுட்டர்களின் இ.ஹெச்.விக் கார்டுகள் கையிருப்பில் கிடப்பதைப் பார்த்து 4331 வாங்க நினைக்காதீர்கள். என்.ஐ.எம் ஸ்லாட்டில் அவை ஏறாது. குரலுக்கான பி.வி.டி.எம்3 சிப்புகளும் அப்படித்தான், இங்கே பி.வி.டி.எம்4 வேண்டும். எஸ்.எம்-எக்ஸ் ஸ்லாட்டை மட்டும் ஓர் அடாப்டர் கார்டு மூலம் கூடுதல் என்.ஐ.எம் ஸ்லாட்டாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது என்.ஐ.எம் தேவைப்படுபவர்களுக்கு இது நல்ல வழி.

இரண்டு இணையச் சேவைகளை இணைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்றுக்குத் தாவ வேண்டும் என்பவர்களுக்கு ஒற்றை அல்லது இரட்டை ஜிகாபிட் என்.ஐ.எம் போதும். அதன் ஒவ்வொரு போர்ட்டிலும் காப்பர் வாயும் எஸ்.எஃப்.பி வாயும் சேர்ந்தே இருக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் நேரடியாக ஐபி கொடுக்கலாம். மாறாக, 4 அல்லது 8 போர்ட் ஸ்விட்ச் என்.ஐ.எம் வாங்கினால் அவை லேயர் 2 போர்ட்கள், அதாவது சாதாரண ஸ்விட்ச் போர்ட்கள். அவற்றில் 'ஐபி அட்ரஸ்' கட்டளை ஏறாது. போர்ட்டை ஒரு விலானில் (ஒரே கருவிக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) சேர்த்து, அந்த விலான் இன்டர்ஃபேஸுக்குத்தான் ஐபி கொடுக்க வேண்டும். ஆறேழு கணினிகள் உள்ள சிறிய இடத்தில் தனி ஸ்விட்ச் வைக்காமல் தப்பிக்க இது உதவும். அதைவிடப் பெரிய இடத்துக்கு ஒரு நல்ல வெளி ஸ்விட்ச்சை 0/0/1-இல் இணைப்பதே சிக்கனம். ஸ்லாட்டும் மிச்சமாகும்.

தொலைபேசி இணைப்புக்காக இ1 (டிஜிட்டல் தொலைபேசி லைன்) மாட்யூல் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதர்போர்டின் ஐ.எஸ்.சி ஸ்லாட்டில் இருக்கும் பி.வி.டி.எம்4 ஐபி அழைப்புகளுக்கான டிரான்ஸ்கோடிங் (குரலை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது) போன்ற வேலைகளுக்கு மட்டுமே. இ1 வழியாக வரும் குரல் அழைப்புக்கு அந்த இ1 என்.ஐ.எம் மேலேயே பி.வி.டி.எம்4 பொருத்தியிருக்க வேண்டும். மாட்யூலை மட்டும் தனியாக வாங்கிவிட்டால் கன்ட்ரோலர் பச்சையாக எரியும், அழைப்பு மட்டும் போகாது. தவிர, இ1 மாட்யூலைச் செருகியவுடன் கன்ட்ரோலர் பட்டியலில் தெரியாது. 'கார்டு டைப் இ1 0 1' என்று சொன்ன பிறகுதான் தோன்றும். அழைப்பின் நடுவே டிக் டிக் என்று சத்தம் வந்தால் இரு முனைகளின் கிளாக் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கன்ட்ரோலர் விவரத்தில் ஸ்லிப் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

மெமரியைப் பொறுத்தவரை 4 ஜிபி ரேமும் 4 ஜிபி ஃபிளாஷும் அடிப்படையாக வருகின்றன. இரண்டையும் 16 ஜிபி வரை ஏற்றலாம். வெறும் ரவுட்டிங், நாட் (பல உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது), சில வி.பி.என் டனல்கள் என்றால் 4 ஜிபி ஓடும். பெட்டிக்குள்ளேயே ஊடுருவலைக் கண்டறியும் ஸ்நார்ட் போன்ற கன்டெய்னர் சேவைகளை ஓட்ட வேண்டுமானால் 8 ஜிபி இல்லாமல் நடக்காது.

பொருத்துவது

ரேக் வேலையில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. இரு பக்கமும் காது பட்டைகளை இறுக்கி, கீழ்த் திருகுகளை முதலில் போட்டு, பிறகு மேலே போடுங்கள். எர்த் வயரை மற்ற எந்தக் கேபிளுக்கும் முன்பே போட்டுவிடுங்கள். காற்றுத் துளைகளுக்கு எதிரே கேபிள் கட்டுகளைத் தொங்கவிடாதீர்கள்.

மாட்யூலைச் செருகுவதில்தான் கவனம் தேவை. பவரை அணைத்துவிட்டுச் செய்வது எப்போதும் நல்லது. ஐ.எஸ்.சி, ரேம் இரண்டையும் மூடியைத் திறந்து மாற்ற வேண்டியிருப்பதால் பவர் கேபிளையே கழற்றிவிட வேண்டும். ஆண்டிஸ்டாட்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டி, பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் மாட்டுங்கள். ஸ்லாட்டை மூடியிருக்கும் வெற்றுத் தகட்டின் இரு திருகுகளைக் கழற்றி, தகட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மாட்யூலை முன் தகட்டின் ஓரங்களில் மட்டும் பிடியுங்கள். சர்க்யூட் போர்டின் விளிம்புகள் ஸ்லாட்டின் இரு ஓரக் காடிகளிலும் ஒன்றாக ஏற வேண்டும். ஒரு பக்கம் காடிக்கு மேலே ஏறியிருந்தாலும் முக்கால்வாசி தூரம் சறுக்கிப் போய், கடைசியில் முட்டி நிற்கும். அந்த நேரத்தில் பலம் கொடுத்தால் கனெக்டர் பின் வளையும். வெளியே இழுத்து மறுபடி நேராக்குங்கள். சரியாக உட்கார்ந்தால் முன் தகடு ரவுட்டரின் முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்கும். அதன் பிறகே திருகு. தகட்டைத் திருகால் இழுத்து ஒட்டவைக்கப் பார்க்கக் கூடாது. காலியாக இருக்கும் ஸ்லாட்களை வெற்றுத் தகட்டால் மூடியே வையுங்கள். திறந்து விட்டால் காற்று குறுக்கு வழியில் ஓடி, உள்ளே சூடு ஏறும்.

ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரில் என்.ஐ.எம் மாற்ற வேண்டிய கட்டாயம் வந்தால், 'ஹெச்.டபிள்யூ-மாட்யூல் சப்ஸ்லாட் 0/1 ஸ்டாப்' கொடுத்து, அந்த மாட்யூல் நின்றுவிட்டதை 'ஷோ பிளாட்ஃபார்ம்' பட்டியலில் பார்த்த பிறகே உருவுங்கள். புதியது செருகியதும் அதே கட்டளையில் 'ஸ்டார்ட்'.

முதல் முறை ஆன் செய்வது

கணினியிலிருந்து நேரடியாகக் கட்டளை கொடுக்கும் கன்சோலுக்கு ஆர்.ஜே.45 வாயும் மினி யு.எஸ்.பி வாயும் உண்டு. யு.எஸ்.பி-யில் கேபிள் செருகப்பட்டிருந்தால் ஆர்.ஜே.45 கன்சோல் செயலிழந்துவிடும். யாரோ விட்டுச்சென்ற யு.எஸ்.பி கேபிள் தொங்கிக்கொண்டிருக்க, நீலக் கேபிளில் ஒன்றுமே வரவில்லை என்று பெட்டியைக் குறை சொல்வது வழக்கமாக நடப்பது. டெர்மினல் அமைப்பு 9600 வேகம், 8 டேட்டா பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை. ஃப்ளோ கன்ட்ரோல் ஆனாக இருந்தால் எழுத்துகள் திரையில் வரும், நீங்கள் தட்டுவது மட்டும் ஏறாது.

ஆன் செய்ததும் முழுதாக எழுந்திருக்கச் சில நிமிடங்கள் ஆகும். நடுவில் திரை அமைதியாக நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைக்காதீர்கள். ஆரம்ப அமைப்புக் கேள்வி வந்தால் 'நோ' என்று சொல்லிவிட்டு, கையாலேயே எழுதுவது தெளிவானது.

உடனே பார்க்க வேண்டியவை 'ஷோ இன்வெண்டரி', 'ஷோ பிளாட்ஃபார்ம்' இரண்டும். முதலாவது எந்த ஸ்லாட்டில் எந்த மாட்யூல், அதன் சீரியல் எண் என்ன என்று காட்டும். இரண்டாவதில் மாட்யூலின் நிலை 'ஓகே' என்று இருக்க வேண்டும். மாட்யூல் தெரியவே இல்லை, அல்லது அடையாளம் தெரியாதது என்று வருகிறது என்றால் இரண்டே காரணங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்: சரியாக உட்காரவில்லை, அல்லது ஐ.ஓ.எஸ் எக்ஸ்.இ (ரவுட்டரின் இயங்குதளம்) பதிப்பு அந்த மாட்யூல் கேட்பதைவிடப் பழையது. புதிய பதிப்பு ஏற்றும் முன், அது கேட்கும் ராம்மான் (பெட்டியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பை ஃபிளாஷில் போட்டவுடன், அது முழுதாக வந்திருக்கிறதா என்று காட்டும் எம்.டி.5 சரிபார்ப்பையும் தவிர்க்காதீர்கள். பாதியில் அறுந்த கோப்பிலிருந்து பூட் செய்யப் போனால் ராம்மான் திரையில் நிற்க நேரிடும்.

நெட்வொர்க்கில் இணைப்பது

வீட்டு ரவுட்டரிலிருந்து வருபவர்கள் இதை மறக்கிறார்கள்: இங்கே எல்லா ரவுட்டிங் போர்ட்களும் அணைந்த நிலையிலேயே வரும். ஒவ்வொன்றிலும் 'நோ ஷட்டவுன்' வேண்டும். இணையப் பக்கத்தை 0/0/0-இல் வைத்துக்கொள்ளலாம், உள் நெட்வொர்க்கை 0/0/1-இல். சேவை நிறுவனம் கொடுத்தது நிலையான ஐபியா, டி.ஹெச்.சி.பி-யா (தானாக முகவரி தருவது), பி.பி.பி.ஓ.இ-யா (யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும் இணைப்பு), விலான் டேக் உண்டா என்ற நான்கையும் கேபிள் செருகும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். டேக் இருந்தால் 0/0/0.100 போன்ற துணை இன்டர்ஃபேஸில் 'என்காப்சுலேஷன் டாட்1க்யூ 100' என்று கொடுத்து, ஐபி அமைப்பு அங்கேதான் போக வேண்டும். மெயின் இன்டர்ஃபேஸில் போட்டால் விளக்கு எரியும், ஒரு பாக்கெட்டும் வராது.

பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு இதை வைத்ததும் டி.ஹெச்.சி.பி முகவரி வரவில்லை என்றால் கன்ஃபிகரேஷனைப் புரட்டிப் போடும் முன் ஃபைபர் மோடத்தைச் சில நிமிடங்கள் அணைத்து ஆன் செய்யுங்கள். பல இடங்களில் மறுமுனை பழைய ரவுட்டரின் மேக் முகவரியைப் பிடித்து வைத்திருக்கும்.

பி.பி.பி.ஓ.இ இணைப்பில் ஒரு நோய் திரும்பத் திரும்ப வரும். பிங் போகிறது, சில தளங்கள் திறக்கின்றன, சில தளங்கள் பாதியில் உறைந்து நிற்கின்றன. காரணம் பாக்கெட் அளவு. பி.பி.பி.ஓ.இ தலைப்பு 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500-இல் 1492-தான் மிச்சம். பி.பி.பி.ஓ.இ-க்காக உருவாக்கும் டயலர் இன்டர்ஃபேஸில் 'ஐபி எம்.டி.யு 1492' வைத்து, அதோடு 'ஐபி டி.சி.பி அட்ஜஸ்ட்-எம்.எஸ்.எஸ் 1452' வைத்துவிட்டால் தீர்ந்தது. ஐபி, டி.சி.பி தலைப்புகள் இரண்டும் சேர்ந்து 40 பைட், அந்தக் கழித்தல்தான் 1452.

நாட் எழுதும்போது வெளிப் பக்கத்தில் 'ஐபி நாட் அவுட்சைட்', உள் பக்கத்தில் 'ஐபி நாட் இன்சைட்', உள் முகவரிகளைக் குறிக்கும் ஆக்சஸ் லிஸ்ட், கடைசியில் அந்த லிஸ்டை வெளி இன்டர்ஃபேஸோடு கட்டும் வரி. அந்த வரியின் முடிவில் 'ஓவர்லோட்' விட்டுப்போனால் ஒரு கணினிக்கு மட்டும் இணையம் கிடைக்கும், அடுத்தது காத்துக்கொண்டிருக்கும். 'ஷோ ஐபி நாட் ட்ரான்ஸ்லேஷன்ஸ்' பார்த்தால் ஒரே ஒரு உள் முகவரி மட்டும் உட்கார்ந்திருப்பது தெரியும். பி.பி.பி.ஓ.இ என்றால் வெளிப் பக்கம் டயலர் இன்டர்ஃபேஸ், போர்ட் அல்ல.

மறுமுனையில் இருப்பது வேகத்தை 100, ஃபுல் டுப்ளெக்ஸ் என்று நிலையாக வைத்த பழைய கருவி என்றால், ஆட்டோவில் விடப்பட்ட உங்கள் போர்ட் வேகத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும், டுப்ளெக்ஸை ஹாஃப் என்று எடுத்துக்கொள்ளும். இணைப்பு இருக்கும், ஆனால் கூட்டம் ஏறும்போது நொண்டும். உங்கள் பக்கம் லேட் கொலிஷன், அவர்கள் பக்கம் சி.ஆர்.சி பிழை என்று எண்ணிக்கை ஏறும். இங்கே முதலில் 'நோ நெகோஷியேஷன் ஆட்டோ' கொடுத்துவிட்டே வேகமும் டுப்ளெக்ஸும் அமைக்க வேண்டும்.

ஃபைபர் பக்கம்: இங்குள்ள வாய்கள் 1 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி-க்கானவை, 10 ஜிகாபிட் எஸ்.எஃப்.பி பிளஸ் இவற்றில் ஓடாது. சிங்கிள் மோடுக்கு 1310 நானோமீட்டர் எல்.எக்ஸ், மல்டி மோடுக்கு 850 நானோமீட்டர் எஸ்.எக்ஸ், இரு முனைகளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். விளக்கு எரியாவிட்டால் எல்.சி முனைகளின் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள், அனுப்பும் இழை பெறும் வாயில் சேர வேண்டும். வேறு நிறுவன எஸ்.எஃப்.பி-யை மென்பொருள் மறுத்தால் 'சர்வீஸ் அன்சப்போர்ட்டட்-ட்ரான்சீவர்' கட்டளை பல சமயம் கைகொடுக்கும், ஆனால் உற்பத்தியாளரின் உதவியை எதிர்பார்க்க முடியாது.

வேகம்: இந்தப் பெட்டியின் மிகப் பெரிய ஏமாற்றம்

ஜிகாபிட் போர்ட்களைப் பார்த்து ஜிகாபிட் வேகம் வரும் என்று நம்ப வேண்டாம். பெட்டி இயல்பாக மொத்தம் 100 மெகாபிட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இந்த மொத்தம் என்பதை உற்றுக் கவனிக்க வேண்டும். எல்லா இன்டர்ஃபேஸ்களிலிருந்தும் வெளியே போகும் டிராஃபிக்கைக் கூட்டித்தான் கணக்கு. 60 மெகாபிட் டவுன்லோடும் 50 மெகாபிட் அப்லோடும் ஒரே நேரத்தில் ஓடினாலே 110 ஆகி, எல்லையைத் தாண்டிவிடும். பெர்ஃபார்மன்ஸ் லைசென்ஸ் இருந்தால் 300 மெகாபிட். அதற்கு 'பிளாட்ஃபார்ம் ஹார்டுவேர் த்ரூபுட் லெவல் 300000' கொடுத்து, சேமித்து, ரீலோடும் செய்ய வேண்டும். ரீலோடு செய்யாமல் வேகம் ஏறவில்லை என்று புகார் சொல்வது வாடிக்கையாகிவிட்டது. பூஸ்ட் லைசென்ஸ் இருந்தால் இந்தக் கட்டுப்பாடே போய்விடும், ஜிகாபிட் அளவுக்குச் செல்லும்.

200 மெகாபிட் இணைய இணைப்புக்கு அடிப்படை லைசென்ஸோடு உள்ள 4331-ஐ வாங்குவது தவறான முடிவு. 50 மெகாபிட் லீஸ்டு லைன், இரண்டு பாதைகள், வி.பி.என், இ1 தொலைபேசி என்று பல வேலைகளை ஒரே பெட்டியில் அடக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நிதானமான பெட்டி கிடைப்பது கடினம். கட்டுப்பாட்டு வேலைகளுக்கும் பாக்கெட் கடத்தும் வேலைக்கும் செயலியின் கோர்கள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எந்நேரமும் ஷோ கட்டளைகள் ஓடினாலும் டிராஃபிக் தடுமாறாது.

பயன்படுத்திய பெட்டி வாங்கும்போது

எல்லாவற்றிலும் முக்கியமானது கிளாக் சிக்னல் பிரச்சினை. 2017 பிப்ரவரியில் சிஸ்கோ வெளியிட்ட அறிவிப்பில் 4331-உம் இருக்கிறது. ஒரு கிளாக் பாகம் காலப்போக்கில் நலிந்து, ஏறத்தாழ 18 மாத ஓட்டத்துக்குப் பிறகு பழுதாகும் வாய்ப்பு கூடுகிறது, பழுதானால் பெட்டி எழுந்திருக்காது, மீட்கவும் முடியாது. அறிவிப்புக்கு முன் தயாரான பெட்டி என்றால், அது அந்த அறிவிப்பின் கீழ் மாற்றித் தரப்பட்டதா என்பதைச் சீரியல் எண்ணை வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்று நன்றாக ஓடுவது எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்தது கன்ஃபிக் ரெஜிஸ்டர், அதாவது பெட்டி எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண். முந்தையவரின் பாஸ்வேர்டைத் தாண்ட ஹெக்ஸ் 2142 என்று மாற்றியிருப்பார்கள், திரும்ப மாற்ற மறந்திருப்பார்கள். அப்படி இருந்தால் நீங்கள் எழுதிச் சேமித்த அனைத்தும் அடுத்த பவர் கட்டில் காணாமல் போனதுபோல் இருக்கும். 'ஷோ வெர்ஷன்' கடைசி வரியில் ஹெக்ஸ் 2102 இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது லைசென்ஸ். பழைய முறை லைசென்ஸ்கள் அந்தப் பெட்டியின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டவை, அப்படியே வேறு பெட்டியில் ஏறாது. 16.10 பதிப்பிலிருந்து ஸ்மார்ட் லைசென்ஸிங் மட்டுமே. அங்கே உரிமை பெட்டியில் இல்லை, முந்தைய உரிமையாளரின் கணக்கில் இருக்கிறது, பெட்டி கைமாறினாலும் அது கூடவே வராது. விற்பவர் செக்யூரிட்டி, பெர்ஃபார்மன்ஸ் எல்லாம் இருக்கிறது என்று சொன்னால் 'ஷோ லைசென்ஸ்', 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்டுவேர் த்ரூபுட் லெவல்' இரண்டின் வெளியீட்டையும் அதே சீரியல் எண் தெரியும்படி 'ஷோ இன்வெண்டரி'யோடு சேர்த்துக் கேளுங்கள். தராவிட்டால் அதை 100 மெகாபிட் பெட்டி என்று எண்ணியே விலை பேசுங்கள்.